உதவி: ஞாயிறு ஹாம் ரேடியோ நெட்டில் எல்லார் குரலும் கேட்குது, என் குரல் மட்டும் போகலை

கேஆர்புரம்_குமரன்
வணக்கம். காலையில் நெட்டில் (ஹாம்கள் ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசுற கூட்டம்) செக்-இன் பண்ண எவ்வளவோ பார்த்தேன், அதை நடத்துற கன்ட்ரோல் ஸ்டேஷன் என்னைக் கூப்பிடவே இல்லை. மற்றவங்க பேசுறதெல்லாம் தெளிவாகக் கேட்குது. ரேடியோ புதுசு, சார்ஜும் ஃபுல். என்ன பண்ணணும்? அடுத்த ஞாயிறாவது பேசணும்.

அல்சூர்_ஆண்டெனா
என்ன ரேடியோ? சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புற ரிப்பீட்டரா, நேருக்கு நேர் பேசுற சிம்ப்ளெக்ஸா? ரிப்பீட்டர்னா ஷிஃப்ட் (கேட்கிற, அனுப்புற அலைவரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி), டோன் (ரிப்பீட்டரைத் திறக்கிற மெல்லிய ஒலி) போட்டீங்களா? ஒண்ணுமே சொல்லலையே.

ஜாலஹள்ளி_ரவி
ஆண்டெனாதான், சந்தேகமே வேண்டாம். 2 மீட்டர் பேண்டில் கால் அலைக்கே ஏறக்குறைய அரை மீட்டர் கம்பி வேணும். கூட வர்ற குட்டை ரப்பர் ஆண்டெனாவைக் கழற்றிட்டு மாடியில் ஒரு ஜே-போல் ஆண்டெனா ஏற்றுங்க. ரிப்பீட்டர் உயரத்தில் இருக்கு, அது உங்களுக்குக் கேட்கும். உங்க கையடக்க ரேடியோவின் சில வாட் அபார்ட்மென்ட் சுவரைத் தாண்டிப் போகணுமே!

பழைய_ஹாம்
தம்பி, இது ஏஎஸ்ஓசி (ஹாம் லைசென்ஸ்) பரீட்சைக்கே படித்திருக்க வேண்டிய பாடம். முதலில் லைசென்ஸ் இருக்கிறதா? இல்லாமல் பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்துவது குற்றம். நாங்களெல்லாம் ரிசீவரை நாங்களே சால்டர் பண்ணி, மாதக்கணக்கில் காது கொடுத்துக் கேட்டு, நெட் ஒழுங்கு பிடிபட்ட பிறகுதான் வாய் திறந்தோம்.

கேஆர்புரம்_குமரன்
லைசென்ஸ் இருக்கு சார், வியு3-னு தொடங்குற கால்சைன் (அடையாள எழுத்துகள்). ரேடியோ பாவ்ஃபெங் யுவி-5ஆர். ரிப்பீட்டர்தான், ஷிஃப்ட் மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ்.

செல்வி_ராமமூர்த்திநகர்
மெனு 7-இல் டிடிஆர் (இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேட்கிற வசதி) ஆனில் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. திரையின் கீழ் வரியில் ஏதாவது சிக்னல் வந்த கையோடு பிடிடி அழுத்தினா, அந்த அலைவரிசையில்தான் போகும். நெட் பக்கம் ஒண்ணும் வராது.

அல்சூர்_ஆண்டெனா
மெனு 26-இல் ஷிஃப்ட் 0.600 மெகாஹெர்ட்ஸா, 6.000-ஆ? அதைப் பாருங்க. அப்புறம் யாரும் பேசாத நேரத்தில் கால்சைன் சொல்லி பிடிடியை விடுங்க. விட்டதும் ரிப்பீட்டரின் வால் ஒரு நொடி உஸ்ஸுனு கேட்குதா? கேட்டா ரிப்பீட்டர் திறக்குது, மைக் பக்கம் தேடலாம். கேட்கலைன்னா முதலில் ஷிஃப்ட், டோன். அதுக்கப்புறம்தான் ஆண்டெனா.

ஜாலஹள்ளி_ரவி
ரிப்பீட்டர் எக்கோலிங்க்கில் (இன்டர்நெட் வழியா ஹாம்களை இணைக்கிற ஆப்) இணைஞ்சிருந்தா அதுவரை போனிலேயே செக்-இன் பண்ணலாமே.

பழைய_ஹாம்
அது ரேடியோவே இல்லை, இன்டர்நெட் போன். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் அம்மா போர்ட் பிளேரிலிருந்து எச்எஃப் சிற்றலையில்தான் சேதி அனுப்பினார். போனும் இன்டர்நெட்டும் படுத்துவிட்டால் உன் ஆப் என்ன செய்யும்?

செல்வி_ராமமூர்த்திநகர்
சார், எக்கோலிங்க்கிலும் கால்சைனைச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுவாங்க. எங்க மாமா படுத்த படுக்கையா இருக்கார். அபார்ட்மென்ட் சங்கத்தில் ஆண்டெனா வைக்கவும் விடலை. பழைய நண்பர்களோட அவர் பேசுறது அது வழியாத்தான். அவரை ஹாம் இல்லைன்னு சொல்ல முடியுமா?

பழைய_ஹாம்
அவருக்கு என் 73 (ஹாம் வாழ்த்து) சொல்லம்மா. அவரைச் சொல்லவில்லை. கையில் ரேடியோ இருக்கிறவன் போனுக்கு ஓடக் கூடாது என்கிறேன்.

ஜாலஹள்ளி_ரவி
ஓடச் சொல்லலை சார், ஒரு வாரத்துக்குத்தான்.

அல்சூர்_ஆண்டெனா
குமரன் எங்கே? வால் கேட்டுதா? சிர்ப் மென்பொருள் வெச்சு புரோகிராம் பண்ணியிருந்தா டோன் எண்ணை மட்டும் பார்க்காதீங்க, பக்கத்திலிருக்கிற டோன் மோடையும் பாருங்க. அது ‘நன்’ என்று இருந்தா, எண் என்னவாக இருந்தாலும் டோன் போகாது.

கேஆர்புரம்_குமரன்
அதேதான். மோடை ‘டோன்’ ஆக்கி ஏற்றினேன், வால் வருது. செல்வி அக்கா 5-9 (தெளிவா, பலமா கேட்குதுன்னு) கொடுத்தாங்க. எல்லாருக்கும் நன்றி.

பழைய_ஹாம்
நல்லது. ஞாயிறன்று பிடிடியை அழுத்தியதும் அரை நொடி பொறுத்துப் பேசு, இல்லாவிட்டால் கால்சைனின் தலை வெட்டுப்படும். வி, யு-வை விக்டர், யூனிஃபார்ம் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல். ஒருவர் முடித்ததும் பாய்ந்து விழாதே, அவசரச் செய்தி வைத்திருப்பவர் நுழைய இடம் விடு.