ஷாஹீன் தொட்டியில் இறங்க மறுக்கிறது, தண்ணீரும் வழவழக்கிறது: உதவி தேவை

பாலைக்காற்று:
ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒரு பண்ணையில் முதலாளியின் இரண்டு வல்லூறுகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று ஷாஹீன் (பெரிக்ரின் வகை), ஒன்று ஹுர் (சேக்கர் வகை). காலையில் நிழலில் வகர் (பறவை உட்காரும் தாங்கி) போட்டுக் கட்டிவிட்டுப் பக்கத்தில் ஆளுக்கொரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வைப்பேன். ஹுர் இறங்கிக் குளிக்கிறது. ஷாஹீன் விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. மறுநாளே தொட்டியின் அடி வழவழவென்று ஆகிவிடுகிறது. இறைச்சியிலேயே ஈரம் இருக்கிறதே, தண்ணீர் வைக்காவிட்டால்தான் என்ன என்கிறார் உடன் வேலை செய்பவர். சரியா?

கூகைவீடு:
அவர் சொல்வது பாதிதான் சரி. பெரும்பகுதி நீர் இரையிலிருந்து கிடைத்துவிடும். ஆனால் அந்த ஊர் வெயிலில் தண்ணீர் இல்லாமல் விடக்கூடாது. குளிக்காவிட்டால் இறகின் தரமும் கெடும். தண்ணீர் எங்கிருந்து பிடிக்கிறீர்கள்? ஆழம் எவ்வளவு?

பாலைக்காற்று:
மாடித் தொட்டிக் குழாய்தான் அண்ணா. ஆழம் ஒரு அடி இருக்கும். நாள் முழுக்க அங்கேயே கிடக்கும். சாம்பல் புறாக்களும் வந்து குடித்துவிட்டுப் போகும்.

கூகைவீடு:
அங்கேதான் சிக்கல், தம்பி. மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் கொதிக்கும். கறுப்புத் தொட்டி அதை இன்னும் சூடாக்கும். முதல் நாள் இரவே கேனில் பிடித்து ஏசி அறையில் வைத்துவிடுங்கள், குளோரின் வாடையும் குறையும். ஒரு அடி ஆழம் ரொம்ப அதிகம். பறவை நின்றால் தொடை நனையும் அளவு, 10 முதல் 15 செ.மீ. போதும். அடியில் தட்டைக் கற்கள் போடுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக்கில் கால் ஊன்றாவிட்டால் மறுபடி இறங்கவே இறங்காது.

புறாக்களை அண்டவே விடாதீர்கள். அவற்றின் வாயில் ட்ரைக்கோமோனாஸ் என்ற கிருமி இருக்கும், தண்ணீர் வழியாகவும் வரலாம். ஷாஹீனின் வாயைத் திறந்து பாருங்கள். தயிர்க்கட்டி மாதிரி மஞ்சள் படலம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். குளித்து முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், கொசுப்புழுவும் வராது.

மூன்றாம்சிறகு:
ஒன்றைச் சேர்க்கிறேன். வல்லூறு எச்சத்தை நேராகக் கீழே விடும். பருந்து மாதிரி பின்னால் பீச்சாது. அதனால் தொட்டி வகருக்கு அடியில் வராமல் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும், ஆனால் கயிறு எட்ட வேண்டும், தொட்டியில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. வழவழப்புக்குத் தினமும் பிரஷ், வாரம் ஒருமுறை நீர்த்த ப்ளீச். வாடை போகும்வரை அலசி வெயிலில் காயவிடுங்கள். ப்ளீச்சோடு வினிகரைக் கலந்துவிடாதீர்கள், அந்த வாயு உங்களுக்கே ஆபத்து.

பிடித்து முக்க வேண்டாம். முதலில் ஸ்ப்ரேயரால் மெல்லிய சாரல் அடியுங்கள். குளியல் காலையிலேயே முடியட்டும், ஈர இறகோடு ஏசி அறைக்குள் விடாதீர்கள்.

கூகைவீடு:
ஆமாம். திடீரென்று மடமடவென்று குடித்தாலும் சும்மா விடாதீர்கள், உடம்பு சரியில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

பாலைக்காற்று:
வாய் சுத்தமாக இருக்கிறது. கேன் தண்ணீரும் கற்களும் வைத்தேன். அலகை நனைத்துக் குடித்தது, ஒரு காலையும் வைத்தது, உட்காரவில்லை. அகலமான ஜிஐ (பூச்சிட்ட இரும்பு) தகரத் தட்டு ஒன்று கடையில் கிடக்கிறது, வாங்கட்டுமா?

மூன்றாம்சிறகு:
வேண்டாம். அந்தப் பூச்சில் இருப்பது துத்தநாகம், தண்ணீரில் கரைந்தால் பறவைக்கு விஷம். வெயிலில் சுடவும் செய்யும். வெளிர் நிறத்தில் கெட்டி பிளாஸ்டிக் தட்டாகப் பாருங்கள்.