எம்பிஏ கல்விக் கடன்: வீட்டை அடமானம் வைத்து அமெரிக்கா போகலாமா?

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சி ஐஐஎம்மில் இடம் கிடைத்திருக்கிறது, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலும் எம்பிஏவுக்கு அட்மிஷன் வந்திருக்கிறது. அங்கே உதவித்தொகை போக, இரண்டு வருடத்துக்கு 70 லட்சம் கடன் தேவை. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், அடுத்த வருடம் ஓய்வு. பாளையங்கோட்டை வீடு ஒன்றுதான் சொத்து. நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகளும் இந்த வருடம் எம்பிஏ சேர்கிறாள். கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டால் அரசாங்கக் கடன் வந்துவிடும் என்கிறாள். எனக்கும் அது கிடைக்குமா? ஏஜென்ட் ஒருவர் "பிணையே வேண்டாம், ஒரே வாரத்தில் பணம்" என்று தினமும் அப்பாவுக்குப் போன் செய்கிறார், அப்பா பாதி சம்மதித்துவிட்டார்.

டெக்சாஸ்_தமிழன்:
கிடைக்காது தம்பி. அந்தக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான், எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு இல்லை. தங்கையிடமும் சொல்லுங்கள், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற முதுநிலைப் படிப்புக்கான அரசுக் கடன் கிடையாது. எம்பிஏவுக்கு வருடத்துக்கு 20,500 டாலர்தான் அரசு தரும், மிச்சத்துக்கு அவளும் தனியார் வங்கிக்குத்தான் போக வேண்டும்.

உங்களுக்கு இங்குள்ள தனியார் வங்கி கடன் தர வேண்டுமென்றால் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும். சித்தப்பாவைக் கேட்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள், நீங்கள் கட்டாவிட்டால் முழுக் கடனும் அவர் தலையில் விழும். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடன் தரும் பிராடிஜி ஃபைனான்ஸ், எம்பவர் என்ற இரண்டு நிறுவனங்களும் ஜாமீனும் சொத்தும் கேட்பதில்லை, எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று பார்த்துத் தருகிறார்கள். ஆனால் அது டாலர் கடன். 2011இல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர் இன்று 85ஐத் தாண்டிவிட்டது. இங்கே வேலை கிடைத்தால் பிரச்சினை இல்லை, ஊர் திரும்பி ரூபாயில் சம்பாதித்து டாலரில் கட்டுவது மிகவும் கஷ்டம்.

முன்னாள்_வங்கி_அலுவலர்:
திருச்சி என்றால் கவலையே வேண்டாம். ஐஐஎம்களுக்கு ஸ்டேட் வங்கியில் ஸ்காலர் லோன் இருக்கிறது, சொத்துப் பிணை இல்லாமலே தருவார்கள், அப்பா இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட்டால் போதும். 2024இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் 10 லட்சம் வரையான கடனுக்குத்தான். ஓய்வு பெறப்போகும் ஆசிரியரின் சம்பளம் அதைத் தாண்டியிருக்கும், அதை எதிர்பார்க்காதீர்கள்.

வெளிநாடு என்றால் பொதுத்துறை வங்கிகள் 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாகச் சொத்து கேட்கும். சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, உங்களுடையது பட்டியலில் இருக்கிறதா என்று கிளையில் நேரில் கேளுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி எல்லாம் வங்கி வக்கீல் பார்ப்பார். வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

ஏஜென்ட் சொல்வது அநேகமாக வங்கிசாரா நிதி நிறுவனக் கடன். வட்டி கூடுதல், படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பார்ப்பது இணை விண்ணப்பதாரரின் மாத வருமானத்தை. அடுத்த வருடம் ஓய்வு என்றதும் வேறு ஒருவரைக் கொண்டுவரச் சொல்வார்கள். பிராசஸிங் கட்டணம், கூடவே ஒட்டிவிடும் இன்சூரன்ஸ், படிப்புக் காலத்து வட்டி தனிவட்டியா கூட்டுவட்டியா, இவ்வளவும் எழுத்தில் வராமல் அப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பொருநைக்கரை:
நன்றி சார். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது, அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. அத்தைக்கும் பங்கு உண்டு.

முன்னாள்_வங்கி_அலுவலர்:
அப்படியானால் வாரிசுச் சான்று, அத்தையின் விடுதலைப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினை, அப்புறம் பட்டா மாறுதல். இதெல்லாம் முடியாமல் அந்த வீட்டை எந்த வங்கியும் ஏற்காது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்குப் பணம் காட்ட வேண்டிய தேதிக்குள் முடியுமா என்பது சந்தேகம்தான். இதற்காக அத்தையை அவசரப்படுத்த வேண்டாம், உறவு கெடும்.

கோவை_மீனா:
அக்காவாகச் சொல்கிறேன், திருச்சிக்கே போ. 70 லட்சத்துக்குப் பத்து வருடம், 10 சதவீதம் என்று வைத்தால் மாதத் தவணை 92,500 ரூபாய், படிக்கும்போது சேரும் வட்டி இதில் இல்லை. திருச்சிக்கு 20 லட்சம், 9 சதவீதம், அதே பத்து வருடம் என்றால் 25,300. படித்து முடித்ததும் அமெரிக்காவில் ஓபிடி என்ற மாணவர் வேலை அனுமதியில் ஒரு வருடம் வேலை பார்க்கலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் இருந்தால்தான் இன்னும் இரண்டு வருடம், அதற்குள் எச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் வர வேண்டும். வராவிட்டால் இந்தியச் சம்பளத்தில் 92,500 கட்ட முடியுமா என்று அப்பாவை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டு. கல்விக் கடன் வட்டிக்கான 80இ வரிவிலக்கை ஏஜென்ட் பெரிதாகச் சொல்வார், அது பழைய வரிமுறையில் மட்டும்தான்.

அமெரிக்காவை விட மனசே இல்லையென்றால், சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே மெயில் போடு, முன்பணம் கட்டுவதற்கு முன்னால்.