புதுப்பிப்பு: ஈயக்குட்டையில மீன் நிக்கிற இடம்

மலேசியாவுல சுங்கை சிப்புட்டுக்குக் குடிவந்த புதுசுல, எஸ்டேட் ஓரத்துப் பழைய ஈயக்குட்டையில (ஈயம் தோண்டின பள்ளத்துல தண்ணி நிக்கிற குட்டை) மீனை எங்கே தேடுறதுன்னு கேட்டிருந்தேன். பாதிப்பேரு "நடு ஆழத்துல போடு"ன்னீங்க. கோவிச்சுக்காதீங்க, அது சரிப்படலை. கரையிலிருந்து சட்டுனு இறங்குற குட்டை. அடித்தண்ணியில ஆக்சிஜன் கம்மி, மீன் தங்காது.

வெயில் ஏறினதும் கரையோர மணல்ல தட்டுத்தட்டா வட்டக்குழி தெரிஞ்சுது. ஆண் திலாப்பியா முட்டைக்காகத் தோண்டுறது. அதை ஒட்டி, ஆழம் தொடங்குற விளிம்புல ரொட்டி உருண்டை போட்டேன். மிதவை அமுங்கலை, பக்கவாட்டுல மெல்ல நகர்ந்துச்சு, அப்பத்தான் இழுக்கணும். எல்லாம் உள்ளங்கை அளவு, குழம்புக்குப் போதும்.

செம்பனைப் பழத்தை இரையா போடச் சொன்ன அண்ணே, நன்றி! அதுக்கு லம்பாம்ங்கிற கெண்டை வகை மீன்தான் வந்துச்சு.

மேல்தண்ணியில சிவப்பா குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா அது தொமான், பெரிய விரால் வகை. கூட காவல் நிக்கிற பெரிய மீனைப் பிடிக்காதீங்க, காவல் போனா குஞ்சுகளை மத்த மீன் தின்னுடும்.