கனடா வீட்டில் ஒட்டினாலும் திரும்ப வரும் டிரைவால் விரிசல்

கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். பூசி பெயின்ட் அடித்தாயிற்று, அடுத்த ஜனவரியில் அதே இடத்தில் மறுபடியும். ஒன்டாரியோவில் புதிதாக வீடு வாங்கியவர்கள் அடிக்கடி கேட்பது இது. பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. இங்கே சுவர் என்பது மரச்சட்டத்தில் திருகிய அரை அங்குல ஜிப்சம் பலகை, அதுதான் டிரைவால். ஹீட்டர் ஓடும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், கோடையில் ஈரம் ஏறி உப்பும். கதவு, ஜன்னல் மூலைகளில்தான் இழுப்பு அதிகம். பலகைகளின் இணைப்பும் அங்கேயே வந்தால் பிளக்காமல் இருக்காது.

வெறும் புட்டி தடவுவது வீண் வேலை. விரிசலை யூட்டிலிட்டி கத்தியால் வி வடிவில் கீறி, பலகை இணைப்பின் மேல் ஒட்டியிருக்கும் பழைய டேப் தளர்ந்திருந்தால் அதை முழுதாக உரித்தெடுங்கள். பலகை ஆடுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஆடினால் விரிசலின் இருபுறமும், பின்னால் மரம் உள்ள இடத்தில், ஒன்றேகால் அங்குல டிரைவால் திருகு போடுங்கள். திருகின் தலை பலகையின் மேல்காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே இறங்கினால் போதும். கிழிந்தால் அந்தத் திருகுக்குப் பிடிப்பு இல்லை, பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும்.

அடுத்து டேப். காகித டேப்தான் என் தேர்வு. மெஷ் டேப் (வலை போன்றது) போட்டு அதன்மேல் வாளியில் குழைத்தே வரும் ரெடிமிக்ஸ் காம்பவுண்ட் (பூச்சு மாவு) பூசுவதால்தான் பல இடங்களில் மறுபடி வெடிக்கிறது. மெஷ் போட்டால் முதல் பூச்சு தண்ணீரில் குழைக்கும் பவுடர் காம்பவுண்டாக இருக்கட்டும். அது இறுகும்போது அதிகம் சுருங்காது. பையில் போட்டிருக்கும் 45, 90 என்ற எண் இறுகும் நிமிடம். புதியவர்கள் 90 வாங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். முதல் பூச்சுக்கு 6 அங்குலக் கத்தி, பிறகு 10, கடைசியாக 12. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. 150 கிரிட் தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டுப் பெயின்ட். பிரைமர் விட்டுப்போனால் ஒட்டுப்போட்ட இடம் திட்டாகத் தெரியும்.

மேல்மாடியில் சுவரும் சீலிங்கும் சேரும் மூலை குளிர்காலத்தில் மட்டும் பிளந்து கோடையில் மூடினால் அது வேறு கதை. கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டமான டிரஸ்ஸின் அடிக்கட்டை இன்சுலேஷனுக்குள் காய்ந்து கிடக்க, மேல்கட்டைகள் குளிரில் ஈரம் பிடிக்க, டிரஸ் வில்லாக வளைந்து சீலிங்கைத் தூக்கிவிடும். அங்கே டேப் எத்தனை முறை போட்டாலும் கிழியும். பிளவு அகலமாக உள்ள குளிர்காலத்திலேயே பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் கோல்க் (பிளவை அடைக்கும் நெகிழும் பசை) அடியுங்கள். சிலிக்கான் வேண்டாம், பெயின்ட் ஒட்டாது. இன்னும் நல்ல வழி, அந்த மூலையை மறைக்கும் அலங்காரப் பட்டியான கிரவுன் மோல்டிங்கைச் சீலிங்கில் மட்டும் ஆணியடிப்பது. சுவரில் அடிக்கவே கூடாது; அப்போதுதான் சீலிங்கோடு ஏறி இறங்கிப் பிளவை மறைக்கும்.

ஓர் எச்சரிக்கை: 1990க்கு முந்திய வீடானால் தேய்ப்பதற்கு முன் பழைய காம்பவுண்டை ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனைக்குக் கொடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், தூசி நுரையீரலுக்குள் போகும். புது வீடானால் டாரியன் (ஒன்டாரியோவின் புதுவீட்டு உத்தரவாத அமைப்பு) முதலாண்டு உத்தரவாதம் முடியுமுன் எல்லா விரிசலையும் படமெடுத்து எழுதிக் கொடுங்கள். சாதாரணச் சுருக்க விரிசலை அவர்கள் ஏற்காமல் போகலாம், ஆனாலும் பதிவு இருக்கட்டும். குளிர்காலத்தில் வீட்டு ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதத்துக்குள் நிற்கட்டும். இட்லி, சோறு வேகும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ, கதவுகள் சிக்க ஆரம்பித்தாலோ, நேர் கீழே பேஸ்மென்ட் சுவரிலும் விரிசல் தெரிந்தாலோ பூச்சு வேலையை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.