தெர்மல் இன்சுலேஷன்: ‘வெப்பமறிப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சூடு உள்ளே புகாமலும் வெளியே போகாமலும் தடுக்கும் ‘தெர்மல் இன்சுலேஷ’னுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களில் ‘வெப்பக்காப்பு’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலூரில் மருந்து ஏற்றி இறக்கும் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

வெப்பக்காப்பு என்றதும் வெப்பத்தைக் காப்பது என்றுதான் காதில் விழுகிறது. மருந்தாலையில் நீராவிக் குழாய்மேல் சுற்றும் ராக்வுல் என்ற பாறையிழைப் பஞ்சுக்கு அது சரி. அங்கே சூடு வெளியே போகக் கூடாது. குளிர் அறைச் சுவருக்குப் பொருந்துமா? அங்கே சூடு உள்ளே வரக் கூடாது.

தடுப்பூசிப் பெட்டியின் கதை இன்னும் சிக்கல். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நம் ஊரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால், சூட்டைத் தடுப்பது மட்டுமே வேலை என்று நினைத்துவிடுகிறோம். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிக்கு (ராணிப்பேட்டை கால்நடைத் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராவது) சூடுதான் எதிரி. ஆனால் குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும். அவற்றில் உள்ள அலுமினிய உப்பு திரண்டுவிடும். அப்புறம் உருகினாலும் வீரியம் திரும்பாது. அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே தடுப்பூசி கொண்டுபோகும் கேரியர் பெட்டியில் வைக்கக் கூடாது என்கிறார்கள். மேசையில் பரப்பிவைத்தால் மேலெல்லாம் வியர்க்கும். குலுக்கும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் பெட்டிக்குள் போகும்.

‘வெப்பங்கடத்தாப் பொருள்’ பள்ளியில் படித்த சொல். அது கடத்தல் என்ற ஒரு வழியை மட்டும் பார்க்கிறது. பெட்டிமேல் போர்த்தும் அலுமினியத் தாள் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதால்தான் அது பயன்படுகிறது. தெர்மோகோலில் வேலை செய்வது சின்னச் சின்ன அறைகளில் அசையாமல் நிற்கும் காற்று. நுரைக்குள் ஈரம் புகுந்தால் அந்தப் பலம் போய்விடும், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ‘வெப்பத்தடை’யோ, மின்தடை போல, அளவிடும் ஒரு பண்பின் பெயராகிவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

என் முன்மொழிவு ‘வெப்பமறிப்பு’. மடையை மறிக்கிறோம், வழியை மறிக்கிறோம். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மறிப்பு மறிப்புதான். வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என எந்த வழியில் வந்தாலும் சொல் தாங்கும். கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: பொருள் ‘வெப்பமறி’, போர்த்துவது ‘மறிப்புறை’, பெட்டி ‘மறிபெட்டி’. ஓட்டுநரிடம் “மறிப்புறை கிழிஞ்சிருக்கு பாருங்க” என்றால் விளக்கம் கேட்க மாட்டார்.

மறிப்பு என்றால் முழுவதும் நிறுத்துவது, இன்சுலேஷன் தாமதப்படுத்த மட்டும்தானே செய்கிறது என்று ஐயா ஒருவர் முன்பே கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மறித்த மடையிலும் நீர் கசியும் என்பதால் அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். மின்சாரம் இல்லாமலே பெட்டிக்குள் குளிர் நிற்கும் அந்த நேரத்தை ‘தாங்குநேரம்’ எனலாமா? வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். ஓட்டுநர்களுக்கான கையேட்டில் இரண்டையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.