முருகன் மாமா லேப்டாப்புக்கு புது டிஸ்க் (எங்க குடும்ப குரூப்)

*சனி*

முருகன் மாமா: மாப்ள ஆன்லைன்ல இருக்கியா. லேப்டாப்ல சி டிரைவ் செவப்பா காட்டுது, 340 ஜிபில 6 ஜிபிதான் மிச்சம். டாலி கணக்க பேக்கப் எடுக்கப் போனா இடம் இல்லங்குது. 1 டிபி எஸ்எஸ்டி (சுத்தாம சிப்ல ஓடுற வேகமான டிஸ்க்) ஒண்ணு வாங்கிட்டேன். கடைக்காரன் என்னடான்னா ஃபார்மட் போட்டு விண்டோஸ் மட்டும் ஏத்தித் தாரேன், அமுதா போட்டுருக்க இன்னொரு சிஸ்டம் உபுண்டு எல்லாம் வராதுங்கான்

அமுதா: அப்பா!!! என் ப்ராஜெக்ட் ஃபுல்லா உபுண்டுலதான் இருக்கு. குடுத்துராதீங்க

பெரியப்பா: ஒரு லேப்டாப்ல எதுக்கு ரெண்டு சிஸ்டம்

அமுதா: பெரியப்பா உங்க ஸ்கூல்ல குடுத்த விலையில்லா லேப்டாப்லயே ஆன் பண்ணா விண்டோஸா பாஸ் லினக்ஸான்னு கேக்கும்லா, அதே கததான்

பெரியப்பா: ஆமா கேக்கும். எவன் லினக்ஸத் தொட்டான்

நான்: மாமா ஃபார்மட்லாம் வேண்டாம். பழைய டிஸ்க்ல இருக்கத அப்படியே புதுசுக்கு நகல் எடுத்துரலாம், ரெண்டு சிஸ்டமும் வந்துரும். குளோன்சில்லான்னு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது, பென்டிரைவ்ல இருந்து ஓடும். விண்டோஸ் ஃபைல் வைக்குற என்டிஎஃப்எஸ் முறையும் அதுக்குத் தெரியும், உபுண்டுவோட எக்ஸ்ட்4 முறையும் தெரியும், காலி இடத்த விட்டுட்டு டேட்டா இருக்க இடத்த மட்டும் காப்பி பண்ணும். எஸ்எஸ்டிய வெளிய இருந்து சொருக ஒரு யூஎஸ்பி கேஸ் மட்டும் வாங்கிருங்க

முருகன் மாமா: அம்புட்டுதானா

மணி அத்தான்: அம்புட்டுதான் மாமா, லேசு வேல. நான் வேணா வந்து பண்ணித் தரவா

அக்கா: ஒண்ணும் வேண்டாம். மாமா இவுக கிட்ட மட்டும் குடுத்துராதீங்க

அக்கா: என் வளைகாப்பு போட்டோ 1200 இருந்துச்சு. ரெண்டு டிஸ்கும் ஒரே சைசு. எதுல இருந்து எடுக்கணும்ங்கற சோர்ஸுக்கு காலி டிஸ்க குடுத்து, எதுல எழுதணும்ங்கற டார்கெட்டுக்கு போட்டோ இருந்த டிஸ்க குடுத்துட்டாக. வெறும் டிஸ்க அழகா நகல் எடுத்துட்டு பாத்தியா எவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிட்டுன்னு வேற சொன்னாக

மணி அத்தான்: 🙏

நான்: அக்கா சொன்னதுதான் மாமா முக்கியமான விஷயமே, மத்ததெல்லாம் தப்பா போனா திரும்பப் பண்ணிக்கலாம், இது ஒண்ணுக்கு மட்டும் திரும்ப வழி கிடையாது. டிஸ்க்குக்கு எஸ்டிஏ, எஸ்டிபின்னு பேர் காட்டும், அத நம்பாதீங்க, ஒவ்வொரு தடவயும் மாறும். பக்கத்துல சைசும் மாடலும் இருக்கும்லா அதப் பாருங்க. 500 ஜிபி சோர்ஸ், 1000 ஜிபி டார்கெட். நமக்கு சைசு வேறங்கறதால தப்பிச்சோம்

நான்: அமுதா இன்னைக்கு ராத்திரி நீ பண்ண வேண்டியது. டாலி டேட்டாவையும் உன் ப்ராஜெக்டையும் தனியா ஒரு பென்டிரைவ்ல போட்டு வை. சி டிரைவ் படத்து மேல பூட்டு இருக்கான்னு பாரு, இருந்தா டிஸ்க்ல இருக்கத பூட்டி வைக்குற பிட்லாக்கர் ஓடுது, அத ஆஃப் பண்ணி பூட்டு போற வர பொறுக்கணும். பவர் ஆப்ஷன்ஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்க எடுத்துட்டு ஷட்டவுன் பண்ணு. அது இருந்தா விண்டோஸ் முழுசா மூடாது, பாதித் தூக்கத்துல கெடக்கும், குளோன்சில்லா சி டிரைவத் தொட மாட்டேங்கும்

அமுதா: பூட்டு இல்ல. டிக் எடுத்தாச்சு 👍

செல்வி அத்தை: நாளைக்கு காலைல 9ல இருந்து சாயந்தரம் 5 வர கரண்ட் கெடையாதுன்னு பேப்பர்ல போட்டுருக்கான், மாவு இப்பமே ஆட்டிக்கிடுங்க எல்லாரும்

நான்: அத்தை நல்லவேள சொன்னீங்க. அப்ப நாளைக்கு ராத்திரி ஆரம்பிங்க மாமா, உங்க பேட்டரி பத்து நிமிஷம்கூட நிக்காது

*ஞாயிறு*

அமுதா: ஆரம்பிச்சாச்சு. டிவைஸ் டு டிவைஸ், லோக்கல் டிஸ்க் டு லோக்கல் டிஸ்க். சோர்ஸ் 500 டார்கெட் 1000, அப்பா கண்ணாடி போட்டுட்டு ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்துட்டாங்க. நிஜமாவான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு, ஒய் அடிச்சேன்

முருகன் மாமா: மூணரை மணி நேரம் ஆகும்ங்குதே மாப்ள. நிமிஷத்துக்கு 2 ஜிபி கூட போவல

நான்: கேஸ எந்த ஓட்டைல சொருகிருக்கீங்க, உள்ள கருப்பா இருக்கா நீலமா இருக்கா

முருகன் மாமா: கருப்பு

நான்: அது யூஎஸ்பி 2, மெதுவா போற பழைய வகை. நீலத்துல போடுங்க. ஓடும்போது புடுங்காதீங்க, நிறுத்திட்டு மாத்தி மொதல்ல இருந்து ஆரம்பிங்க

அமுதா: இப்ப 4.1 ஜிபி/நிமிஷம் 😀 ஒண்ணே முக்கா மணி நேரம் காட்டுது

முருகன் மாமா: பழைய டிஸ்க் கொர் கொர்ங்குது, எனக்கு வயித்தக் கலக்குது

நான்: அது சுத்துற டிஸ்க் மாமா, உழைக்குது. பழுத்திருந்தா ரீட் எரர்னு வந்து நின்னுரும், அப்ப வேற வழி பாப்போம்

அமுதா: 11.20க்கு முடிஞ்சிட்டு!! ரீஸ்டார்ட் குடுக்கவா

நான்: வேண்டாம்!! பவர் ஆஃப் குடு. ரெண்டு டிஸ்கும் இப்ப அச்சு அசல் ரெட்டப்புள்ளைங்க, யூயூஐடிங்கற அடையாள நம்பர் வரைக்கும் ஒண்ணு. ரெண்டையும் மாட்டி ஆன் பண்ணா எது எதுன்னு சிஸ்டத்துக்கே தெரியாது. பழசக் கழட்டிட்டு புதுச உள்ள மாட்டி அப்புறம் ஆன் பண்ணு

*திங்கள்*

முருகன் மாமா: மாட்டிட்டோம், நேரா விண்டோஸ் போவுது, விண்டோஸா உபுண்டுவான்னு கேக்குற அந்த கருப்பு மெனு வரல. அமுதா அழுதுட்டு இருக்கா

நான்: நடுவுல டிஸ்க் இல்லாம ஆன் பண்ணீங்களா

முருகன் மாமா: ஒருதடவ சும்மா, ஸ்க்ரூ சரியா மாட்டிருக்கான்னு

நான்: அதான். எந்த சிஸ்டம் எங்க இருக்குங்கற பட்டியல் டிஸ்க்ல இல்ல மாமா, மதர்போர்டுல இருக்கு. சில போர்டு டிஸ்க் காணும்னா உபுண்டு பேர அடிச்சுரும், விண்டோஸ் மட்டும் தானா வந்து ஒட்டிக்கும். உபுண்டு உள்ள பத்திரமாதான் இருக்கும். அமுதா கண்ணத் தொட, உபுண்டு பென்டிரைவ்ல பூட் பண்ணி பூட் ரிப்பேர்னு அந்த மெனுவ சரி பண்ற டூல போட்டு ஓட விடு

அமுதா: வந்துட்டு வந்துட்டு வந்துட்டு 😭 என் வால்பேப்பர் கூட அப்படியே இருக்கு

முருகன் மாமா: எல்லாம் சரி, சி டிரைவ் இப்பமும் செவப்பாதான் இருக்கு. 1000ன்னு சொல்லி வித்தான், 931ன்னுதான் காட்டுது, அதுலயும் ஏமாத்தா

நான்: ஏமாத்து இல்ல. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்றான், விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது. பழைய 500ம் 465னுதானே காட்டிட்டு இருந்துச்சு. சி ஏன் செவப்புன்னா நகல்ங்கறது நகல்தான், பழைய அளவுலயே வந்துருக்கு, மிச்சம் 466 ஜிபி கடைசில சும்மா கெடக்கு

அமுதா: டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சியப் பெருசாக்குற எக்ஸ்டெண்ட் வால்யூம் அமுங்கவே மாட்டேங்குது

நான்: சி டிரைவுக்கு ஒட்டின மாதிரி காலி இடம் இருந்தாத்தான் அது வேல செய்யும். இங்க வரிசை என்ன, சி, ரெகவரி (விண்டோஸ் ரிப்பேருக்கு), உபுண்டு, ஸ்வாப் (உபுண்டுவோட கூடுதல் மெமரி), அதுக்கப்புறம் காலி. பஸ்ல கடைசி சீட்ல ஆள் இல்ல, ஆனா ஜன்னலோரம் இருக்கவர் அகலமா உக்காரணும்னா நடுவுல இருக்கவங்க ஒவ்வொருத்தரா பின்னாடி நகரணும்லா. ஜிபார்ட்டெட் லைவ்னு பென்டிரைவ்ல இருந்து ஓடுற, டிஸ்க் பகுதிய நகத்துற டூல் இருக்கு, அதுல போய் கடைசில இருந்து ஆரம்பி. ஸ்வாப்ப கடைசிக்குத் தள்ளு, உபுண்டுவ நகத்தி ஒரு 150 கூட்டு, ரெகவரிய நகத்து, மிச்சத்த சி டிரைவுக்கு குடு. டிஸ்க்ல முழு இடமும் எடுத்துக்கல சரி பண்ணவான்னு கேட்டா ஃபிக்ஸ் குடு. சார்ஜர் மாட்டியே இருக்கணும், ஓடும்போது மூடியக் கூட மூடாத

செல்வி அத்தை: நான் அந்த ரூம்ல கிரைண்டர் போடல, ஃபேனும் போடல, ஒண்ணும் தொடல

அமுதா: முக்கா மணி நேரம் ஆச்சு. சி 655 ஜிபி 🎉 நீலமாயிட்டு

முருகன் மாமா: டாலி பொசுக்குன்னு தெறக்குது மாப்ள. முன்ன ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வருவேன்

நான்: அது எஸ்எஸ்டி வேல. ஆனா அது விண்டோஸ் 10 மாமா, 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சிட்டு, பேங்க் வேலைய உபுண்டுல பாத்துக்கோங்க

முருகன் மாமா: பழைய டிஸ்க என்ன செய்ய, அழிச்சிட்டு சினிமா போட்டு வச்சுக்கவா

நான்: ஒரு மாசத்துக்கு தொடவே தொடாதீங்க. கவர்ல போட்டு தேதி எழுதி பீரோல வைங்க

செல்வி அத்தை: வச்சாச்சு. மேல பேப்பர் ஒட்டி மாமா எழுதிருக்காக, "மருமவன் மணி தொடக் கூடாது"

அக்கா: 😂😂😂

மணி அத்தான்: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்