மாயாவியின் விரல்கள்

குழு: கீழக்கரை வீடு

சாச்சா: [படம்] பரணில் கிடைத்தது. முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி. கடற்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் பிய்ந்துவிட்டது. கறுப்பு மை மட்டும் அப்படியே இருக்கிறது.

காக்கா (துபாய்): மாஷா அல்லாஹ்! 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்தக் கதையோடுதானே? முதல் பதிப்பா சாச்சா?

சாச்சா: முதல் பதிப்பு என்றால் உன்னிடம் சொல்வேனா? பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பேன். இது மறுபதிப்பு.

தம்பி: ஒரே இருட்டாக இருக்கிறதே. டின்டின் எவ்வளவு பளிச்சென்று இருக்கும்!

நான்: டின்டினை வரைந்த ஹெர்ஜே சீரான கோடு போட்டு, தட்டையாக வண்ணம் தீட்டுவார். நிழலைப் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார். இதை வரைந்த ஹெசுஸ் பிளாஸ்கோ பார்சிலோனாக்காரர். இவருக்கு நிழல்தான் எல்லாம். சாச்சா, அந்தக் கையை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.

சாச்சா: [படம்]

நான்: தம்பி, கட்டைவிரல் மூட்டைப் பெரிதாக்கிப் பார். வெளிக்கோடே இல்லை. ஒரு பக்கம் மையை அப்பியிருக்கிறார், மறுபக்கம் மயிரிழை போலக் கீற்றுகள். நடுவில் ஒன்றும் வரையாமல் காகிதத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டார். அந்த வெற்றுக் காகிதம்தான் இரும்பாகப் பளபளக்கிறது.

சாச்சா: கரையில் இறக்கிப் போட்ட பாறை மீனின் முதுகில் வெயில் பட்டது போல.

நான்: அதேதான் சாச்சா!

காக்கா (துபாய்): மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். சிறுவயதில் அந்தக் கையை நினைத்துக் கொல்லைப்பக்கம் போகவே பயப்படுவேன்.

நான்: ஓவியருக்குச் சோதனையே அங்கேதான் காக்கா. கதாநாயகனின் முகத்தைக் காட்ட முடியாது. கோபமா, தயக்கமா என்பதை விரல்கள் மடங்குவதிலும் விரிவதிலும்தான் காட்ட வேண்டும். மிச்சத்தை எதிரே நிற்பவனின் வெளிறிய முகம் பார்த்துக்கொள்ளும்.

சாச்சா: இங்கிலாந்தில் வேலியண்ட் என்ற வார இதழில் 1962இல் தொடங்கிய கதை இது. வாராவாரம் இந்த நுணுக்கத்தில் வரைந்து கொடுப்பது லேசுப்பட்ட வேலையா? பிளாஸ்கோவின் தம்பிமாரும் ஓவியர்கள்தான், கூட இருந்து உதவினார்கள்.

காக்கா (துபாய்): நம் தம்பி எதற்கு உதவுகிறான்?

தம்பி: பெட்டியைத் தூக்க நான்தான் வர வேண்டும், மறந்துவிடாதீர்கள். விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பின்னணியில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

நான்: அது அச்சின் குறை. மட்டமான தாளில் மெல்லிய கீற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போகும். அப்படியும் கை தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அதைப் பார்.

உம்மா: பரணைச் சுத்தம் செய்யப் போனீர்களா, படம் பார்க்கப் போனீர்களா? என் பித்தளை அண்டா கிடைத்ததா?

சாச்சா: அந்த மூலைக்கு இன்னும் போகவில்லை மச்சி.

காக்கா (துபாய்): நடுப்பக்கத்தையும் அனுப்புங்கள் சாச்சா.

சாச்சா: கரண்ட் போய்விட்டது. வந்ததும் எடுக்கிறேன்.

காக்கா (துபாய்): சரிதான், இனி மாயாவியாலும் மறைய முடியாது.

உம்மா: அண்டா எங்கே?